உங்களுக்குத் தெரியுமா? யுரேனஸின் வளையங்கள் பதிவான மலைச்சாலை ஊர்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் வளைந்து ஏறும் சாலையில் இருக்கிறது காவலூர். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்று 1977 மார்ச் 10 அன்று இங்கும் பதிவானது! கோள் ஒரு விண்மீனை மறைப்பதற்கு முன்பே வளையம் குறுக்கிட்டதால் அந்த விண்மீனின் ஒளி சட்டென மங்கியதை இங்குள்ள 102 செ.மீ. தொலைநோக்கி கண்டது. கண்டுபிடிப்பின் பெருமை அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகத்துக்குத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், வேறோர் இடத்திலிருந்து தனியாகக் கிடைக்கும் பதிவுதான் எந்தக் கண்டுபிடிப்புக்கும் உறுதி தருகிறது.

காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர்தான். ஏற்காட்டில் பாதிகூட இல்லை. ஆனாலும் வானியலாளர் வேணு பாப்பு வானாய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் எட்டாத தொலைவு, தென்வானின் பெரும்பகுதியும் தெரியும் அட்சரேகை. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இங்கே வந்தது. அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆக, இம்மலையின் பெருஞ்செல்வம் அதன் இருட்டு. சுற்றுலாவுக்காக மலையெங்கும் விளக்கு ஏற்றுவது அந்தச் செல்வத்தைக் கரைப்பதாகும். கொண்டை ஊசி வளைவுகளில் வெளிச்சம் வேண்டாமா, மலைவாழ் மக்கள் இருட்டில் நடப்பதா? நியாயமான கேள்விகள். வளைவுகளுக்கு ஒளி திருப்பும் பட்டைகள் போதும். ஊர்த் தெருக்களுக்கு, ஒளியை மேலே சிந்தாமல் தரையில் மட்டும் பாய்ச்சும் மூடிய விளக்குகள் உண்டு.