தலைக்கு லேசான கரன்ட், உடம்புக்கு தாய் சி: பக்கவாதத்தில் இழந்த அசைவை மீட்குமா?

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு முதல் சில வாரம் பிசியோதெரபி ஒழுங்காக நடக்கும். அப்புறம், “எவ்வளவு செஞ்சாலும் கை தூக்க வரலையே” என்று சலிப்பு வந்துவிடும். பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

பயிற்சியின் பலனைக் கூட்ட முடியுமா? சீனாவில் தாய் சி பயிற்சியையும் மூளைத் தூண்டலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

மூளையில் என்ன நடக்குது?

பக்கவாதத்தில் இறந்த நரம்பு செல்கள் திரும்ப வராது. ஆனால் மற்ற செல்கள் புது இணைப்புகளை உருவாக்கி, அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். இதுதான் நியூரோபிளாஸ்டிசிட்டி. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது இதற்கு உதவும்.

கரன்ட் எதுக்கு?

டிடிசிஎஸ் முறையில், தலையில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். பயப்பட வேண்டாம், இது ‘ஷாக்’ சிகிச்சை இல்லை. இன்னொரு முறை டிஎம்எஸ். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு அறிமுகப்படுத்திய இதில், காந்தக் காயில் மூலம் மூளையைத் தூண்டுவார்கள். இரண்டுமே அசைவைக் கற்றுத்தராது. கற்றுக்கொள்ள மூளையைத் தயார்படுத்தப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஏன் தாய் சி?

இதில் ‘மேகக் கைகள்’ என்றொரு அசைவு உண்டு. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றியபடி, கைகளை வட்டமாக நகர்த்த வேண்டும். கவனம் முழுக்க அசைவில் இருக்கும். பேலன்ஸ், இடுப்பு, கை, கவனம் என எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை. நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தும் செய்யலாம்.

மெஷின் மட்டும் போதுமா?

போதாது. 2018-ல் வெளியான அமெரிக்காவின் ‘நிச்’ ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன சுமார் 200 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ டிஎம்எஸ், இன்னொரு பிரிவுக்குப் போலித் தூண்டல். கைப்பயிற்சி மட்டும் இரண்டு பிரிவுக்கும் உண்டு. முடிவு? இரண்டிலுமே சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கை அசைவு முன்னேறியது.

அதாவது, மாதங்கள் கடந்தும் பயிற்சி பலன் தந்தது. மெஷின் கூடுதலாக எதையும் தரவில்லை.

கவனிக்க வேண்டியவை

தலைக்குள் உலோக கிளிப், காக்ளியர் இம்ப்ளான்ட் இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் மெஷின் வாங்கி வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. யாராவது மூளைத் தூண்டல் பேக்கேஜ் சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இதோட தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி கொடுப்பீங்க?”