வடக்கனந்தலில் வழக்கு... குடகில் பூஜை! - துப்பாக்கிச் செய்திகளில் விடுபடும் கதை

'கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்.'

கள்ளக்குறிச்சி மாவட்டச் செய்திகளை மொபைலில் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு பழகிப்போன ஒன்று. உள்ளே என்ன இருக்கும் என்பதையும் படிக்காமலே சொல்லிவிடலாம். ரகசியத் தகவல், ரோந்து, சந்தேகத்துக்கு இடமான நபர், விசாரணை, கைது, சிறை. ஊர் மட்டும் மாறும். ஒரு நாள் வெள்ளிமலை, ஒரு நாள் கச்சிராயபாளையம், ஒரு நாள் வடக்கனந்தல். கூடவே ஒரு போட்டோ: மேசைமேல் வரிசையாக அடுக்கிய துப்பாக்கிகள், பின்னால் நிற்கும் போலீஸார். மொத்தம் நாலு பத்தி. அதோடு செய்தி முடிந்தது.

அந்த நாலு பத்தியில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. ஒரு மலை விவசாயி வீட்டில் துப்பாக்கி எதற்கு?

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் சாலையில் போனவர்களுக்கு இதன் பாதி பதில் தெரிந்திருக்கும். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற மண் அது. காட்டுப்பன்றிக்கு அந்த இரண்டுமே விருந்து. கூட்டமாக ஓர் இரவு இறங்கினால் போதும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்பது கொஞ்சம்தான், கிளறிப் போடுவதுதான் அதிகம். மீதிப் பாதி பதில் வேட்டை. அதை மறைக்க வேண்டியதில்லை. மலையாளி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையில், குழல் வழியாகவே கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கும் அந்தப் பழைய ரகத் துப்பாக்கி, அரிவாள் மண்வெட்டியோடு சேர்ந்த சாமானாக இருந்திருக்கிறது.

இதில் பல செய்திகள் தொடாமலே போகிற இடம் ஒன்று உண்டு. நம் சட்டமே பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழி சொல்கிறது! 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், குழல் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு உரிமம் வழங்குவது பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் வேறு ரகத்துக்கும் அனுமதி தரலாம் என்றும் இருக்கிறது. ஆக, பிடிபட்டவர் மேல் பாயும் வழக்கு 'துப்பாக்கி வைத்திருந்தார்' என்பதற்காக அல்ல, 'உரிமம் இல்லாமல் வைத்திருந்தார்' என்பதற்காக. அவர் எப்போதாவது உரிமம் கேட்டாரா, அப்படி ஒன்று இருப்பதாவது அவருக்குத் தெரியுமா என்று விசாரித்து எழுதினால் செய்தியே வேறு மாதிரி ஆகிவிடும்.

தண்டனையும் லேசானதல்ல. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. தயாரித்து விற்றவர் என்றால் 7 வருடத்தில் தொடங்கி ஆயுள்வரை போகும். இந்த அளவுக்குக் கடுமையாக்கியது 2019 டிசம்பரில் வந்த திருத்தம். அது எப்போது நிறைவேறியது என்று நினைவிருக்கிறதா? பலருக்கு இருக்காது. அவர்கள்மேல் தப்பில்லை.

மக்களவையில் அந்த மசோதா நிறைவேறிய நாள் 2019 டிசம்பர் 9. அதே நாள் நள்ளிரவில்தான் குடியுரிமைத் திருத்த மசோதாவும் அதே அவையில் நிறைவேறியது. மறுநாள் டி.வி. முழுக்க எது ஓடியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆயுதத் திருத்தத்துக்குக் கிடைத்த கொஞ்ச இடத்திலும், ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது, கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் சிறை என்பவைதான் பேசப்பட்டன. இரண்டுமே வட இந்தியக் கவலைகள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மலையில் ஒற்றைக் குழலோடு இருப்பவருக்குச் சிறைக்காலம் கூடியதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அமெரிக்கக் கதை என்றால் நமக்கு அத்துப்படி. 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக்கொல்லப்பட்டபோது, தமிழ் சேனல்கள்கூட இரவு விவாதம் வைத்தன. 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம், துப்பாக்கி லாபி எல்லாம் நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. அந்த நாட்டிலும் கேமராவுக்கு ஒரு பக்கம் கண் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். பள்ளிக்கூடம், வணிக வளாகம் என்று கூட்டமாகச் சுடும் சம்பவங்களில் இறப்பவர்கள் மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால், விவாதம் கிளம்புவது அந்தச் சிறு பங்கு நடக்கும்போது மட்டும்.

நம் நாட்டில் துப்பாக்கி உரிமை பற்றிய விவாதமே நடந்ததில்லை என்று நினைத்தால் அது தவறு. வெள்ளைக்காரர்கள் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தைக் காங்கிரஸ் பல காலம் எதிர்த்தது. 1931 கராச்சி தீர்மானத்தின் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொடுத்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. இன்றைக்கு நம் அரசியல் சாசனம் ஆயுதம் பற்றிப் பேசும் உரிமை, 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமைதான். 2023 பிப்ரவரியில், உரிமம் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப்போல இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை அல்ல என்று சுட்டிக்காட்டியது.

சரி, எல்லோருக்கும் ஒரே கணக்கா? இல்லை. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்துக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு. பிரிட்டிஷ் காலத்தில் 1861-ல் தொடங்கிய சலுகை அது. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். அதைக் காட்டும் செய்திகளில் வரும் சொற்களைக் கவனியுங்கள்... 'பாரம்பரியம்', 'வீரம்', 'பண்பாடு'. அதே பழைய ரகத் துப்பாக்கி கல்வராயன் மலையில் இருந்தால் வரும் சொற்கள் 'பதுக்கல்', 'பறிமுதல்', 'கும்பல்'.

இரண்டும் மலை, இரண்டிலும் காட்டுப்பன்றி. ஒரு மலைக்கு வெள்ளைக்காரன் விலக்கு கொடுத்தான், இன்னொரு மலையை 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். வித்தியாசம் தொடங்கும் இடம் அதுதான். பொதுவாகவே கல்வராயன் மலை சாராயம், செம்மரம், துப்பாக்கி என்று ஏதாவது ஒரு குற்றத்தோடுதான் பத்திரிகைக்கு வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. அப்போதுதான் அங்கே சாலையும் ஆஸ்பத்திரியும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பதே பெரிய செய்தியானது.

இதற்காக, நாட்டுத் துப்பாக்கியைக் கொஞ்ச வேண்டியதும் இல்லை. அதற்குத் தரச்சோதனை கிடையாது, குழல் வெடித்துச் சுடுபவரின் கையே போகலாம். இருட்டில் புதர் அசைகிறதென்று சுட்டு, உடன் வந்தவரே பலியான சம்பவங்கள் மலைக் கிராமங்களில் நடந்திருக்கின்றன. வாய்த்தகராறு முற்றும் வீட்டில் சுவரில் ஒரு துப்பாக்கி மாட்டியிருப்பது யாருக்கும் நல்லதில்லை. இதை அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டாலே போதும். தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸார் மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பதும், துப்பாக்கிகள் வந்து குவிவதும் நல்ல காரியம்தான்.

ஒப்படைத்த பிறகு வயலில் என்ன நடக்கிறது என்பதையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். துப்பாக்கி போன இடத்தில் திருட்டு மின்வேலி வரலாம், அவுட்டுக்காய் வரலாம். அவை பன்றிக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வித்தியாசம் பார்க்காது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தது பலருக்கு நினைவிருக்கும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. இதிலும், சுடுகிறவர் வனத்துறைக்காரர், விவசாயி அல்ல. 'காட்டுப்பன்றியைச் சுட அனுமதி' என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு விவசாயி துப்பாக்கியைத் தூக்கினால், அவர்மேல் வனவிலங்கு வழக்கும் ஆயுத வழக்கும் சேர்ந்தே வரும். மலையும் காடும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வடக்கனந்தல் பக்கத்து விவசாயி முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் மரவள்ளிக் காடு அந்த மூன்று கணக்கில் எதில் விழுகிறது என்பதைத்தான்.