விசா கேட்காத திருவிழா

அயல்நாடு செல்லப் பொதுவாக பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். பாஸ்போர்ட்டை நம் அரசு தருகிறது. விசாவோ, நாம் செல்லும் நாடு தரும் அனுமதி. எங்கள் இலஞ்சியிலிருந்து ஒருவர் கொழும்புக்குச் சுற்றுலா செல்வதானாலும் பாஸ்போர்ட்டோடு இலங்கை அரசின் அனுமதியும் பெற வேண்டும்.

ஆனால் அதே இலங்கையைச் சேர்ந்த கச்சத்தீவுக்கு, புனித அந்தோனியார் திருவிழாவின்போது இவை இரண்டும் இன்றியே நம் மக்கள் சென்று வருகின்றனர்! 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவே இதற்குக் காரணம். இந்திய யாத்திரிகர்கள் வழக்கம்போல் வந்து போகலாம், அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்கலாகாது என்று அது கூறுகிறது.

அதற்காக நினைத்தவுடன் படகேறிவிட முடியாது. முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டை காட்டி, இராமேசுவரத்தில் சோதனை முடிந்த பிறகே புறப்பட வேண்டும். குடிநீர்கூட இல்லாத அத்தீவில், யாழ்ப்பாணத்திலிருந்து வருவோரும் நம்மவரும் சேர்ந்து தமிழில் செபிக்கின்றனர். எங்களுக்கு இதுவே பெரிய வியப்பு.

2024இல் இந்த உரிமை இருந்தும் நம்மவர் செல்ல இயலவில்லை. மீனவர்கள் இலங்கையில் சிறைப்பட்டதைக் கண்டித்து, படகுகளை ஓட்டுவதில்லை என்று இராமேசுவரம் மீனவர்கள் முடிவு செய்தனர். 2025 மார்ச் மாதத் திருவிழாவுக்குப் படகுகள் மீண்டும் புறப்பட்டன.