நடந்தே சேரும் பஞ்சாயத்து

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஒன்பது தேர்தல் அலுவலர்கள் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் மூவர் பெண்கள். விடியற்காலையில் மூணாறிலிருந்து கிளம்பி, இரவிகுளம் தேசியப் பூங்கா வழியாக ஜீப் போகிற இடம்வரை போய், அதற்கு மேல் நடை. மொத்தம் 18 கிலோமீட்டர் காட்டு வழி. தேடிப் போனது ஒரே ஒரு வாக்காளரை. 92 வயது முதியவர், படுத்த படுக்கையாகக் கிடந்தவர், வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பித்திருந்தார். இடமலைக்குடியின் நூறடிக்குடியில் அவர் படுத்திருந்த இடமே அன்று வாக்குச்சாவடி ஆனது.

செய்தியைப் படித்தவர்கள் மெச்சினார்கள். மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனால் அந்த ஒன்பது பேர் ஒருநாள் நடந்த வழியில்தான் இடமலைக்குடிக்காரர்கள் அரிசிக்கும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறார்கள். அவர்கள் நடந்தது செய்தியாக வருவதற்கு யாராவது சாக வேண்டியிருந்தது.

இடமலைக்குடி ஒற்றை ஊர் இல்லை. மூணாறுக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குச் சேர்த்து வைத்த பெயர். ஒவ்வொன்றும் ஒரு குடி. இட்டலிப்பாறைக்குடி, சொசைட்டிக்குடி, மீன்குத்திக்குடி, ஆண்டவன்குடி, கண்டத்திக்குடி, இருப்புக்கல்லுக்குடி என்று பெயர்கள் போகும். சில குடிகளில் பத்து இருபது வீடுகள், சிலவற்றில் கொஞ்சம் கூடுதல். எல்லாக் குடிகளையும் கூட்டினாலும் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஒரு குடிக்கும் அடுத்த குடிக்கும் நடுவே ஓடையும், அட்டை கடிக்கும் ஈரக்காடும், யானைத்தடமும் இருக்கும். ஜூனில் மழை பிடித்தால் ஓடையைத் தாண்டுவதற்கே நேரம் பார்க்க வேண்டும்.

இங்கே இருப்பவர்கள் முதுவர்கள். தமிழ் வாசகருக்கு இவர்கள் முழுக்க அந்நியர் அல்லர். வால்பாறைப் பக்கம் ஆனைமலைக் காடுகளில் இவர்களுடைய சொந்தபந்தங்கள் இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது முதுவர்களிடம் வழிவழியாக வரும் கதை. மதுரை எரிந்தபோது வந்தோம் என்றும், படையெடுப்புக்குப் பயந்து வந்தோம் என்றும் குடிக்குக் குடி மாற்றிச் சொல்வார்கள். மீனாட்சி சிலையையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. கதை எந்த அளவு வரலாறு என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் வழக்கம் மட்டும் முதுவப் பெண்களிடம் இன்றும் இருக்கிறது.

தேயிலைப் பொட்டலத்தில் பார்த்துப் பழகிய கண்ணன் தேவன் என்ற பெயரும் இந்த மலையோடு சேர்ந்ததுதான். கண்ணனும் தேவனும் மலைத் தலைவர்கள், முதுவர்கள் என்பது இங்கே வழக்கு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு காடு தேயிலைத் தோட்டமானது. தோட்ட வேலைக்குத் தென் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதுவர்கள் பெரும்பாலும் கூலிக்கு இறங்காமல் காட்டுக்குள் தங்கிவிட்டார்கள். கேழ்வரகு விதைத்தார்கள், ஏலமும் மிளகும் எடுத்தார்கள், எலுமிச்சம்புல்லைக் காய்ச்சித் தைலம் இறக்கி விற்றார்கள். கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி எடுக்கும் ‘கட்டி’தான் பழைய சாப்பாடு, தொட்டுக்கொள்ளக் காட்டுக்கீரை. ரேஷன் அரிசி வந்தபிறகு கேழ்வரகு விதைப்பது குறைந்தது. அரிசியோ காட்டுக்கு வெளியிலிருந்து ஆள் தலையில் ஏறி வர வேண்டிய பண்டம். ரேஷன் விநியோகத்துக்கென ஏற்பட்ட பழங்குடிக் கூட்டுறவு சொசைட்டியின் பெயரே அந்த இடத்துக்கு நிலைத்து, இன்று சொசைட்டிக்குடி என்பது இந்தக் காட்டின் தலைநகர் மாதிரி ஆகிவிட்டது.

2010 நவம்பரில் இடமலைக்குடி தனிப் பஞ்சாயத்து ஆனது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அதுவரை மூணாறு பஞ்சாயத்தின் மூலையில் கிடந்த பகுதிக்குச் சொந்த வார்டுகள், சொந்த உறுப்பினர்கள், சொந்தத் தலைவர். பெரிய காரியம்தான். ஆனால் பஞ்சாயத்து அலுவலகம் மட்டும் பல ஆண்டுகள் தேவிகுளத்தில் இயங்கியது. சாலை இல்லாத ஊரில் அலுவலகத்தை எப்படி நடத்துவது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு சான்றிதழ் வாங்க, ஒரு மனு கொடுக்க, குடிக்காரர் தன் பஞ்சாயத்துக்கு வெளியே இருக்கும் தன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடந்தும் ஜீப் ஏறியும் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போகும். பெரும்பாலும் இரண்டு நாள். தேவிகுளத்தில் அன்று அதிகாரி இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. சுயாட்சி என்று பெயர் வைத்துவிட்டு மக்களை இப்படி அலைக்கழித்ததற்கு எந்தச் சமாதானமும் போதாது.

அந்த வழியின் வாசல் பெட்டிமுடி. ராஜமலைக்கு அப்பால், தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு அங்கே மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடுகளை மண்ணுக்குள் அழுத்தியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் பூர்வீகம். மின்சாரமும் தொலைபேசியும் செத்துக்கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. ஜீப் போகிற, தோட்டம் இருக்கிற பெட்டிமுடிக்கே அந்தக் கதி என்றால், அதற்கும் உள்ளே இருக்கிற குடிகளில் ஒரு மழை இரவில் என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும்?

இதே தொலைவு அந்த ஆண்டு இடமலைக்குடிக்காரர்களைக் காப்பாற்றவும் செய்தது. கொரோனா வந்ததும் குடித் தலைவர்களும் ஊர்க்கூட்டமும் பஞ்சாயத்தும் கூடிப் பேசி வாசலைச் சாத்தினார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது. சாமான் வாங்க எல்லோருக்குமாகச் சிலர் மட்டும் போவார்கள், திரும்பி வந்ததும் ஒதுங்கி இருப்பார்கள். கட்டுப்பாட்டை அவர்களே போட்டார்கள், அவர்களே காத்தார்கள். நாடே இரண்டாவது அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்தபோதும் இடமலைக்குடியில் ஒரு தொற்றுகூட இல்லை. 2021 ஜூலையில்தான் முதல் இரண்டு தொற்றுகள் பதிவாயின. அதற்குச் சில வாரம் முன்பு வெளியார் சிலர் வந்துபோனது கேரளத்தில் பெரிய சர்ச்சையானது. ஒன்றரை ஆண்டுக்கு அருகில் ஒரு சமூகம் தன்னைத்தானே காத்துக்கொண்டது. தனக்கு எது நல்லது என்று முடிவெடுக்க அதற்குத் தெரியும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நோய் வந்துவிட்டால் கதை வேறு. காட்டில் வெட்டிய நீளமான கழியில் கம்பளியின் இரு முனைகளையும் இறுக்கிக் கட்டுவார்கள். நடுவில் தொட்டில்போல் தொங்கும் பள்ளத்தில் நோயாளியைக் கிடத்துவார்கள். இதற்கு மஞ்சல் என்று பெயர். முன்னால் தோள் கொடுப்பவர்கள், பின்னால் தோள் கொடுப்பவர்கள், மாற்றுத் தோளுக்கு உடன் நடப்பவர்கள் என்று ஒரு நோயாளிக்குக் குடியின் ஆண்களில் பாதிப் பேர் கிளம்ப வேண்டியிருக்கும். இறக்கத்தில் முன்னால் இருப்பவர் தோளில் முழுப் பாரமும் இறங்கும். ஏற்றத்தில் பின்னால் இருப்பவருக்கு. வழுக்குப் பாறையில் ஒருவர் கால் தவறினால் எல்லோரும் விழுவார்கள். சில குடிக்காரர்கள் பெட்டிமுடிக்கோ வால்பாறைப் பக்கமோ தூக்கிப் போவார்கள், மற்றவர்கள் ஆனைக்குளம், மாங்குளம் வழியாக இறங்குவார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை இப்படித் தூக்கிப் போவதை எழுதவே கை கூசுகிறது. அவள் வலியோடு அந்தக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியது பல மணி நேரம்.

பெண்கள் விஷயத்தில் தொலைவை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. குடிகளில் வாலாய்மைப்புரை என்று ஒரு தனிக் குடிசை உண்டு. மாதவிலக்கு நாட்களிலும் பிரசவத்தை ஒட்டியும் பெண்கள் அங்கே ஒதுங்கி இருக்க வேண்டும். மழையானாலும் குளிரானாலும் அங்கேதான். அந்த ஒதுக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குகிறார்கள் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே செய்தியாக வந்து, சுகாதாரத்துறையும் தலையிட வேண்டியதாயிற்று. ஏந்திக்கொள்ள மருத்துவர் இல்லாத காட்டில், குடிசையில் அடைபடாமல் இருக்க ஒரு பெண் தன் உடம்போடு இந்த விலை பேச வேண்டியிருக்கிறது. முதுவர்களிடம் கூட்டம் எனப்படும் குலம் தாய் வழியாகத்தான் பிள்ளைக்கு வரும். தாய்க்கு அந்த மரியாதை குலப்பெயரோடு நின்றுவிடக் கூடாது.

இருப்புக்கல்லுக்குடிக்கு வருவோம். 2014 வாக்கில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே நடந்து வந்து எழுதியபிறகுதான் உலகம் இங்கிருந்த ஒரு தேநீர்க் கடையை அறிந்தது. கடைக்காரர் பி.வி. சின்னத்தம்பி, அப்போது வயது 73. மண் சுவர்க் குடிசையில் பாலில்லாத கட்டன் சாயா, பிஸ்கட், தீப்பெட்டி, சில்லறைச் சாமான். உள்ளே இருட்டில் இரண்டு சாக்கு மூட்டைகள். மூட்டைகளை அவிழ்த்துப் பாயில் பரப்பினால் 160 புத்தகங்கள்.

பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், எம். முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம், கமலா தாஸ். கூடவே சிலப்பதிகாரத்தின் மலையாள ஆக்கமும் இருந்தது. உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாய், பிறகு மாதம் இரண்டு ரூபாய். யார் என்ன எடுத்தார்கள் என்பதைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். 2013இல் 37 முறை புத்தகங்கள் போய் வந்திருந்தன. சிலம்பை ஒருமுறைக்கு மேல் எடுத்துப் படித்திருந்தார்கள். மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்களிடம் மதுரை எரிந்த கதை கைமாறிக்கொண்டிருந்தது. நூலகத்துக்கு ஆளில்லை என்று நகரங்களில் புலம்புகிறவர்கள் அந்த 37 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். யானை நடமாடும் தடத்தில் ஒரு நாவலுக்காக நடந்து வந்து, படித்து, திருப்பியும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

சாய்நாத்தை அங்கே அழைத்துப் போனவர்களில் ஒருவர் பி.கே. முரளீதரன், எல்லோருக்கும் முரளி மாஷ். குடிகளில் ஓராசிரியர் பள்ளி நடத்திய தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த ஆசிரியர்கள் குடியிலேயே தங்கி, குடிக்காரர் பேச்சைக் கற்றுக்கொண்டு, அந்தப் பேச்சிலிருந்து பிள்ளைகளை மலையாளத்துக்கு அழைத்துப் போனார்கள். முதுவர் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. தனி எழுத்து கிடையாது. வீட்டில் அதைப் பேசி வளரும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பள்ளியின் மலையாளம் முதல் நாளே மிரட்சியைத் தரும். ஓராசிரியர் பள்ளிகளை 2022இல் அரசு மூடியது. தூரத்துக் குடிகளின் பிள்ளைகளுக்கு விடுதிதான் மீதமிருக்கும் வழி. ஏழு வயதில் தாயை விட்டுப் போகும் பிள்ளை பாதியில் திரும்பி ஓடிவந்தால் அதைப் படிப்பில் ஆர்வமின்மை என்று கணக்கெழுதுவது அநியாயம்.

மின்சாரம் 2017இல்தான் வந்தது. யானைக்கும் மரத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் பூமிக்கடியில் கேபிள் பதித்துக் கொண்டுவந்தார்கள். காட்டைக் கெடுக்காமல் வசதி கொண்டுவர முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு அந்தக் கேபிளைக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் சொசைட்டிக்குடியில் குடும்ப சுகாதார மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெட்டிமுடியிலிருந்து சாலை வேலையும் தொடங்கியது. முதலில் இட்டலிப்பாறைக்குடி வரை, அடுத்து அங்கிருந்து சொசைட்டிக்குடி வரை. பதின்மூன்று கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கீடு.

சாலை வந்தால் ரிசார்ட்டும் வரும், மூணாறுக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் நியாயம்தான். மூணாறின் சரிவுகளில் எழும்பிய கட்டடங்களைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் அந்தப் பயத்தின் பேரில் ஒரு கர்ப்பிணியை மஞ்சலில் ஏற்றச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. வெளியாள் நுழைய இப்போதே வனத்துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் ஊர்க்கூட்டத்தின் கையெழுத்தும் கட்டாயம் என்று ஆக்கினால், கொரோனா காலத்தில் வாசல் காத்தவர்கள் இதையும் காப்பார்கள்.

திட்டப்படி சாலை நிற்பது சொசைட்டிக்குடியில். அதற்கு அப்பால் மீதிக் குடிகள் எல்லாம் இன்னும் ஓடைகளுக்கு அந்தப் பக்கம்தான். அந்த ஓடைகளுக்கு மழையில் அடித்துப்போகாத நடைபாலங்கள் வேண்டும்; குடிகளின் பேச்சு தெரிந்த செவிலியர் வேண்டும்; முதல் இரண்டு வகுப்பாவது குடியிலேயே, குடியின் பேச்சிலேயே நடக்க வேண்டும். அடுத்த ஒதுக்கீட்டுக்குக் கோப்பு எழுதும்போது நூறடிக்குடியையும் மீன்குத்திக்குடியையும் அதில் பெயர் சொல்லி எழுத வேண்டும்.