நம்பிக்கைக்குக் கை கால் உண்டு – 9: டாக்டரம்மா போட்ட இரண்டு கட்டில்

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஊக்குநர். குழுவில் 12 பேர். பேங்கில் வாங்கிய குழுக் கடனுக்கு மாதாமாதம் தவணை போகிறது. அதில் 2 பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்கள் பங்கும் மீதிப் பேர் தலையில் விழுந்துவிட்டது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் இவர் முகத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள். கடிதத்தின் கடைசி வரி இது: “நம்பிக்கையா இருங்கன்னு வாராவாரம் எழுதுறீங்க அக்கா. எதை வச்சு நம்புறது? அதைச் சொல்லுங்க.”

மூன்று நாள் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கேள்வி நியாயமானது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினை, நடக்கும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. நினைத்ததால் தவணை கட்டி முடிந்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

நான்காவது நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மதுரை ரோட்டு டவுன் பஸ் ஏறினேன். இடது பக்கம் சிறுமலை கூடவே வரும். சுங்குடிச் சேலைக்குப் பெயர் போன சின்னாளபட்டி வந்ததும் இறங்கினால், அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காந்திகிராமம். கஸ்தூரிபா ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பேத்திக்குப் பிரசவம். வாளி மூடியைத் திறந்து ரசம் சூடாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். என் அம்மா என்னைப் பெற்றதும் இங்கேதான். எங்கள் அப்பத்தா அன்று இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சாகிறவரை இந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் சொன்னதில்லை. ‘டாக்டரம்மா வீடு’ என்றுதான் சொல்வார்.

அந்த டாக்டரம்மா சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904இல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன், பிளேக் கண்டு இறந்துபோனார். வசதியான, ஆசாரமான வீட்டில் ஒரு இளம் விதவைக்கு அந்த நாளில் என்ன மிச்சம் இருந்தது என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். சாப்பாட்டுக்குக் குறை இருக்காது, வாழ்க்கைதான் இருக்காது.

ஆனால் கண் மூடுவதற்கு முன் அந்தக் கணவர் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: நீ படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும். சாகிற நேரத்தில் ஒரு மனிதர் தன்னைப் பற்றி நினைக்காமல், தனக்குப் பிறகு இவளுக்கு ஒரு நாளை உண்டு என்று நினைத்திருக்கிறார். இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய எல்லோரையும்விட இவரை நான் அதிகம் மதிக்கிறேன். சௌந்தரத்தின் பிற்காலத்துப் பெருமைகளையெல்லாம் ஊர் பேசுகிறது. அதற்கு முதல் வித்து போட்ட இந்த டாக்டரை யாரும் பேசுவதில்லை.

சௌந்தரம் விட்ட படிப்பைப் பிடித்தார். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1936இல் டாக்டர் ஆனபோது வயது 32. கூடப் படித்த சுசீலா நய்யார் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. டில்லியிலேயே காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். அவர் கேரளத்துக்காரர், வேறு சாதி. இவர் கணவனை இழந்தவர். வீட்டில் சம்மதம் இல்லை. ஒரு வருஷம் பிரிந்திருங்கள், அப்போதும் இதே எண்ணம் இருந்தால் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார் காந்தி. இருவரும் அப்படியே இருந்துகாட்டினார்கள். 1940இல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

இந்த இடத்தில் கடலுக்கு அப்பால் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் 1967இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தங்களால் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பப் பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தும் பெரும்பாலும் எழுந்திருக்கவே இல்லை, படுத்துவிட்டன. கொடுமையான சோதனைதான், படிக்கும்போதே மனசு கலங்கும். கையாலாகாத்தனத்தை உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். செலிக்மன் அதைப் பின்னர் மனிதர்களுக்கு நீட்டித்தார். இடிந்துபோகிறவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை மூன்று விதமாகச் சொல்லிக்கொள்கிறார்களாம்: எப்போதும் இப்படித்தான், எல்லாமே போச்சு, எல்லாம் என்னால்தான். எழுந்து நிற்கிறவர்கள் ‘இப்போதைக்கு இது இப்படி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஏறக்குறைய 50 வருஷம் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். மூளையைப் பற்றி அதற்குள் நிறையத் தெரிந்துவிட்டது. நீண்ட துன்பத்தில் சுருண்டு படுப்பது கற்றுக்கொண்டது இல்லை, அது உடம்பின் இயல்பான முதல் குணம். கற்றுக்கொள்ள வேண்டியது மற்றதைத்தான். நான் கை வைத்தால் ஏதோ ஒன்று மாறும் என்பதை ஒருவர் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேடசந்தூர்த் தங்கைக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் சோர்ந்துபோனது உங்கள் குறை இல்லை. எவருக்கும் அதுதான் முதலில் வரும்.

செய்து பார்ப்பது என்றால் எவ்வளவு? சௌந்தரத்தையே பார்ப்போம். கஸ்தூரிபா காந்தியின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் வேலைக்குத் தமிழகத்தில் அவரைத்தான் காந்தி பொறுப்பாக்கினார். அப்பா மோட்டார் சாம்ராஜ்யத்துக்குச் சொந்தக்காரர். நினைத்தால் மதுரையில் பெரிய கட்டடமே எழுப்பியிருக்கலாம். அவர் தொடங்கியது சின்னாளபட்டியில் 2 கட்டில் போட்ட ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டே கட்டில். 1947 அக்டோபரில், நாடு விடுதலையடைந்த இரண்டாவது மாதம், காந்திகிராமம் பிறந்தது. ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் என்ற அமெரிக்கப் பாதிரியார் தோள் கொடுத்தார். இந்திய விடுதலையை ஆதரித்ததற்காக வெள்ளைக்கார அரசு அவரை இரண்டு முறை நாடு கடத்தியிருந்தது. இரண்டு முறையும் திரும்பி வந்தவர். கடைசியில் இந்த மண்ணுக்கே தன்னைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு கட்டில் நூற்றுக்கணக்கான படுக்கைகளாயிற்று. பள்ளிக்கூடம் வந்தது, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் வந்தது, 1956இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகச் சுகாதாரப் பணி தொடங்கினார்கள். பத்தே வருஷத்துக்குள் ஆயிரம் பேருக்கு 40க்கு மேல் இருந்த பிறப்பு விகிதம் 30க்குக் கீழே வந்தது. கிராமத்துப் பெண்கள் கேட்கமாட்டார்கள் என்று டில்லியிலும் வெளிநாட்டிலும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள் என்று இங்கே தெரிந்திருந்தது.

சௌந்தரம் அரசியலிலும் இருந்தார். 1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர் – ஆமாம் தங்கச்சி, உங்கள் ஊருக்கு அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 1962இல் திண்டுக்கல் எம்.பி., மத்தியக் கல்வித் துணை அமைச்சர். 1967இல் அடித்த தி.மு.க. அலையில் தோற்றார். தோற்றவர் போய் நின்றது காந்திகிராமத்தில். வேலை அங்கே அவருக்காகக் காத்திருந்தது. 1984இல் மறைகிறவரை அது தீரவில்லை.

தலைமை என்பதை நான் இவரிடம் வேறொரு இடத்தில் பார்க்கிறேன். பட்டிவீரன்பட்டி பக்கம் அய்யங்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில், 1926இல் பிறந்த ஒரு பெண். சிறு வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவர். மதுரைக்குப் படிக்க வந்த அந்தப் பெண்ணின் கையைச் சௌந்தரம் பிடித்துக்கொண்டார், பட்டதாரியாக்கினார். மதுரைக்கு 1946இல் காந்தி வந்தபோது அவரோடு மேடையில் இருக்கும் வாய்ப்பை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். அவர்தான் கிருஷ்ணம்மாள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனைக் கல்யாணம் செய்துகொண்டு, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். செய்தி கேட்டதும் கிருஷ்ணம்மாள் அங்கே போனார், கீழத் தஞ்சையிலேயே தங்கிவிட்டார். அந்தச் சாம்பலைப் பார்த்த எவரும் இனி இந்த மண்ணில் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் குற்றமில்லை. அவர் பெண்களைத் திரட்டினார், சத்தியாகிரகம் செய்தார், நிலச்சொந்தக்காரர்களோடு பேசினார், 1981இல் உழுபவர் நில விடுதலைக்கான ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கிக் கடன் ஏற்பாடு செய்தார், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், பட்டா வாங்கிக் கொடுத்தார்.

இறந்துபோகிற ஒரு கணவர் தன் மனைவிக்குக் கொடுத்தது, அந்த மனைவி அய்யங்கோட்டைப் பெண்ணுக்குக் கொடுத்தது, அந்தப் பெண் கீழத் தஞ்சை வயல்களில் கொடுத்தது – எல்லாம் ஒரே பொருள்தான். உனக்கு ஒரு நாளை இருக்கிறது, அதற்கு இன்றைக்குச் செய்ய இது இருக்கிறது. வெறும் வாய் வார்த்தையாக இல்லாமல் படிப்பாக, கட்டிலாக, பட்டாவாக அதைக் கொடுத்தார்கள். எதை வைத்து நம்புவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் தங்கைக்குப் போன் போட்டேன். தவணை நோட்டை எடுத்து வரச் சொன்னேன். போன 14 மாதத்தில் யார் யார் எத்தனை தடவை தவறினார்கள் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். 10 பேரில் 7 பேர் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வாசிக்கிறவரின் குரல் நாலாவது பெயருக்குப் பிறகு நிதானமாகிவிட்டது. கூட்டத்தில் கத்துகிறவர்களில் அந்த 7 பேரும் உண்டு, ஆனாலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடிப்போன 2 பேரின் பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். கூட்டிப் பார்த்துச் சொன்னார். பெரிய தொகைதான். பேங்க் மேனேஜரிடம் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை, பயமாக இருந்தது என்றார். தனியாகப் போக வேண்டாம், ஒழுங்காகக் கட்டுகிற 7 பேரையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.

அப்புறம் இன்னொன்று கேட்டேன்: “உங்களுக்கு அப்புறம் யாரும்மா இந்தக் குழுவைப் பார்த்துக்குவா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஆடு கத்துவது கேட்டது.

“ஒரு பொண்ணு இருக்குக்கா. பத்தொன்பது வயசு, மில்லுக்குப் போகுது. அவங்க அம்மாதான் ஓடிப்போன ரெண்டு பேர்ல ஒருத்தி. அதனால யாரும் அதுகூடப் பேசுறதில்ல. கணக்குல கெட்டிக்காரி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்றேன், நோட்டை அது எழுதட்டும்.”