வான்கோழியின் முட்டைக் கணக்கு

மூதுரை பயிற்றும் தமிழாசிரியர்கள் வான்கோழியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தானும் ஆடத் துணிந்த அப்பறவை, கல்வி இல்லாதவன் பாட்டுக் கட்டும் துணிச்சலுக்கு உவமையாக நிற்கிறது. ஆனால் இன்று வான்கோழி என வழங்கும் பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனை வீட்டுப் பறவையாகப் பழக்கியிருந்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612ஆம் ஆண்டில் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொணர்ந்த ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அதன் கழுத்தும் தலையும் நிறம் மாறுவதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். அவருடைய அவை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழிப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

மூதுரை இவற்றுக்கு முற்பட்டது என்பார்க்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வான்கோழி என்ற பெயர் முன்பு வேறொரு பறவைக்கு வழங்கியிருக்க வேண்டும்; அன்றேல் அப்பாட்டு பலரும் கருதுவதினும் பிற்பட்டதாக இருக்க வேண்டும். பிற நாட்டாரும் இப்பறவைக்குப் பெயரிடுவதில் தடுமாறியே இருக்கின்றனர். ஆங்கிலேயர் அதனைத் துருக்கி நாட்டோடு சேர்த்துப் பெயரிட்டனர்; துருக்கியரோ இந்தியாவோடு சேர்த்தனர். டச்சுக்காரர் அதனைக் ‘கல்கூன்’ என்பர். அச்சொல் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. மலாய்க்காரர்கள் அதே டச்சுக்காரரை நினைத்து ‘ஆயாம் பெலாண்டா’, அதாவது ஒல்லாந்துக் கோழி, என்கின்றனர்.

உவமைக்கும் ஓவியத்துக்கும் உரியது சேவலின் பகட்டே. பெட்டையைப் பாடியவர் இலர். கிள்ளானில் கொல்லைப்புறத்தில் இரண்டொரு வான்கோழி வளர்க்கும் குடும்பத்துக்கோ கவலையெல்லாம் பெட்டையைப் பற்றியதுதான். ‘இரண்டு வாரம் முட்டையிட்டது, பிறகு நின்றுவிட்டது, இனி இதனை வைத்திருந்து என்ன பயன்?’ என்று கேட்டு, நல்ல பெட்டையை அடுத்த பண்டிகைக்குக் குழம்பாக்கிவிடுகின்றனர். பெரும்பாலும் அக்கோழியிடத்தில் குறை ஏதும் இராது. அதன் இயல்பு அறியப்படாமையே குறை.

வான்கோழிப் பெட்டை ஏறத்தாழ முப்பதாம் வாரத்தில், அதாவது ஏழு மாதம் நிரம்பும் வேளையில், முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழியோடு ஒப்பிட்டால் இது காலந்தாழ்ந்த தொடக்கமே. முட்டை 85 கிராம் அளவு எடை கொண்டது. வெளிர் மஞ்சள் கலந்த நிறத்தில் பழுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும். ஒரு முனை நன்கு கூர்மையாகவும் ஓடு தடிப்பாகவும் இருக்கும். ஆண்டுக்கு 60 முதல் 100 முட்டை வரை எதிர்பார்க்கலாம் எனத் தமிழ்நாட்டு வேளாண் அறிவுரைகள் கூறுகின்றன. அதுவும் நல்ல தீனியும் விளக்கொளியும் கொடுத்தால்தான். பண்ணை முட்டைக்கோழி முந்நூறு வரை இடும். கடைத்தெருவில் வான்கோழி முட்டை கிடைக்காததன் காரணம் இக்கணக்கிலேயே விளங்கும். அத்தனை அரிதான முட்டையைத் தின்பதைவிடக் குஞ்சாக்குவதே வளர்ப்போருக்கு இலாபம்.

நாட்டுக்கோழி முட்டையிட்டதும் கொக்கரித்து ஊரைக் கூட்டும். வான்கோழி அப்படியன்று, காட்டில் வாழ்ந்த நாளின் எச்சரிக்கை இன்னும் அதன் உடலில் ஊறியிருக்கிறது. முட்டையிடும் பெட்டை கூட்டத்தை விட்டு ஓசையின்றி ஒதுங்கும். வேலியோரப் புதர், வாழைத் தூரின் மறைவு, லாலான் புல் மண்டிய மூலை, பழைய பலகை அடுக்கின் பின்புறம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். தரையைச் சற்றே பறித்துக் குழியாக்கி முட்டையிட்டு, எழுந்து போகும்போது சருகுகளை அதன்மேல் தள்ளி மூடிவிடுவதும் உண்டு. தன்னை எவரேனும் பின்தொடர்கின்றனர் என்று கண்டால் வேறு பக்கம் சென்று மேய்வதுபோல் நிற்கும்! முட்டை நின்றுவிட்டது என்று வீட்டார் எண்ணியிருக்க, பத்து முட்டை புதருக்குள் கிடப்பது இப்படித்தான்.

ஒளித்த முட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வான்கோழி முட்டைகளில் நூற்றுக்கு எழுபது பிற்பகலில் இடப்படுவன. ஆதலால் பெட்டையை நண்பகல் கழியும்வரை அடைத்து வைத்துப் பின்னர்த் திறந்துவிட்டால், அது சுற்று வழி செல்லப் பொறுமையின்றி நேரே தன் மறைவிடத்துக்கு ஓடும். தொலைவில் நின்று பார்த்தாலே போதும். இதனினும் நல்லது, கூண்டின் இருண்ட மூலையில் ஒன்றரை அடி அகலமும் இரண்டடி நீளமும் உள்ள பெட்டியொன்றைத் தரையோடு தரையாக வைத்து, வைக்கோல் பரப்பி, மரத்தால் செய்த பொய்முட்டை ஒன்றை அதில் இட்டு வைப்பது. முட்டை கிடக்கும் இடமே பாதுகாப்பான இடம் என்று பெட்டை நம்பும்.

முட்டையைக் காப்பது மட்டும் இதன் பயனன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடைக்கரை தோறும் திரியும் உடும்பினம் முட்டைக்கு வரும். மரநாயும் மலைப்பாம்பும் இரவில் புதருக்குள் அமர்ந்திருக்கும் கோழிக்கே வரும். 2006ஆம் ஆண்டில் கோம்பாக் வட்டாரத்திலும் 2007ஆம் ஆண்டில் சுங்கை பூலோவை அடுத்த ஊரிலும் கொல்லைக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டதையும் வளர்ப்போர் மறத்தலாகாது. திரிய விட்ட பறவையைவிடக் கூண்டில் முட்டையிடப் பழகிய பறவைக்குக் காட்டுப் பறவைகளின் தொடர்பு குறைவு.

இனி, நூல்களுக்கும் கிள்ளானுக்கும் உள்ள வேற்றுமைக்கு வருவோம். மேல்நாட்டுக் கோழி வளர்ப்பு நூல்கள், வான்கோழி இளவேனிலில் முட்டையிடத் தொடங்கிக் கோடை முடிவில் நிறுத்தும் என்று எழுதுகின்றன. அந்நாடுகளுக்கு அது முற்றிலும் உண்மை. பகல் நீளும்போது மூளையின் உட்பகுதி ஒளியை உணர்ந்து முட்டைப் பையைத் தூண்டுகிறது. இவ்வுணர்வுக்குக் கண்ணே வேண்டுவதில்லை என்பதனை 1930களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு அறிஞர் வாத்துகளைக் கொண்டு காட்டினார். மண்டையோட்டை ஊடுருவும் ஒளியே போதுமானதாக இருந்தது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேற்றுமை உண்டு. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம். கோலாலம்பூரிலோ, நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகையே வடக்கில் இருப்பதால், வேற்றுமை இருபத்திரண்டு நிமிடம்தான்! தை மாதத்துப் பகலையும் ஆடி மாதத்துப் பகலையும் இங்குள்ள கோழி பிரித்தறிய வழியே இல்லை.

ஆகவே மேல்நாட்டு மாதக் கணக்கை இங்கே கொண்டுவந்து, ‘ஏப்ரல் வந்தும் முட்டை காணோமே’ என்று ஏங்குவது வீண். இம்மண்ணில் பகலொளி கோழிக்கு இளவேனிலையும் அறிவிப்பதில்லை; கூதிரையும் அறிவிப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரப் பகல் முட்டையிடுவதற்குப் போதும் போதாத எல்லையில் நிற்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கெரித்துப் பகலைப் பதினான்கு மணி நேரமாக நீட்டினால் தூண்டுதல் வலுப்பெறும். அந்த விளக்கை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே நேரத்தில் அணைக்க வேண்டும். ஒரு வாரம் எரித்து மறுவாரம் மறந்தால் பகல் குறைந்துவிட்டதாகக் கோழியின் உடல் கொள்ளும்.

பருவம் இல்லாத இந்நாட்டில் முட்டையை நிறுத்துவது யாது? பெரும்பாலும் அடைதான். வான்கோழிப் பெட்டை நாளொரு முட்டையாகத் தொடர்ந்து இடுவதில்லை. ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளினும் சற்று மிகுந்த நேரம் செல்லும். முட்டையிடும் வேளை நாளுக்கு நாள் பிந்திப் பொழுது சாயும்போது ஒரு நாள் விட்டுப்போகும். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும், வயிற்றுத் தோலில் முட்டை படும் உணர்வே ஒரு செய்தியாகி மூளைக்குச் செல்கிறது. புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுகிறது. முட்டைப் பை சுருங்குகிறது. கோழி அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுப் பறவைகளில் இத்துணை உறுதியாக அடை கிடப்பது அரிது. தீனிக்கும் தண்ணீருக்கும் கூடச் சிறிது நேரமே எழும். சில பெட்டைகள் எழாமலே மெலிந்து போவதும் உண்டு. கோழியைக் கைவிட்டு அடுப்பேற்றும் முடிவு பெரும்பாலும் இந்நிலையில்தான் எடுக்கப்படுகிறது. அடை முடிந்தோ கலைந்தோ சில வாரம் சென்றபின் அதே கோழி மீண்டும் முட்டையிடும் என்பதை அறிந்தவர் அவ்வாறு செய்யார்.

முட்டைதான் வேண்டும், குஞ்சு வேண்டாம் என்பவர், நாள்தோறும் மாலையில் முட்டையை எடுத்துப் பொய்முட்டையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அதற்கும் மீறி அடைக்கு அமர்ந்தால், வைக்கோல் இல்லாத, காற்றும் வெளிச்சமும் நிறைந்த சட்டத் தரைக் கூண்டில் சில நாள் விட்டுத் தீனியும் தண்ணீரும் குறையாமல் கொடுத்தால் அடை கலையும். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது போன்ற கைவைத்தியங்கள் கோழியை வருத்துமேயன்றி வேறு பயன் தாரா.

சேவல் இல்லாத வீட்டிலும் பெட்டை முட்டையிடும். அது குஞ்சாகாது என்பதே பொது விதி. ஆயினும் 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஓல்சன் என்ற அறிஞர், சேவலையே காணாத வான்கோழிகளின் முட்டைகள் சிலவற்றில் கரு வளர்வதைக் கண்டார். மிகச் சில, குஞ்சாகவும் பொரித்தன. பொரித்தவை அனைத்தும் சேவல்கள்! அந்நிலையம் உருவாக்கிய பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் தமிழ்நாட்டுக் கறுப்பு நாட்டு இனத்தையும் கலந்து பிறந்ததே ‘நந்தனம் வான்கோழி 1’. தமிழ்நாட்டின் வெப்பத்துக்கு ஏற்றதென்று வளர்க்கப்படும் அவ்வினத்துக்குச் சென்னை நந்தனம் பெயர் தந்தது. சேவலோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை, விந்தை உடலுக்குள்ளேயே சில வாரம் காத்து வைத்துக் கருவுள்ள முட்டையிடும் ஆற்றல் உடையது. ஆகவே சேவல் இல்லாதவர்கள் அண்டை வீட்டுச் சேவலைச் சில நாள் இரவல் கேட்டாலும் காரியம் நடக்கும்.

குஞ்சு பொரிக்க விரும்புவோர்க்கு வான்கோழியின் பிடிவாதமே துணை. ஒரு பெட்டை பத்து முதல் பதினைந்து முட்டை வரை காக்கும். பொரிக்க 28 நாள் ஆகும். கோழி முட்டைக்கு 21 நாளே. கோழி முட்டையையும் சேர்த்து வைப்பதானால் வான்கோழி முட்டையை வைத்து ஏழு நாள் கழித்தே வைத்தல் வேண்டும். இல்லாவிடில் கோழிக்குஞ்சுகள் முந்திப் பொரிக்க, தாய் அவற்றோடு எழுந்து போய்விடும். வான்கோழி முட்டைகள் குளிர்ந்து கெடும். ஒரு வாரத்துக்குப் பிறகு இரவில் முட்டையை ஒவ்வொன்றாக விளக்கின்முன் பிடித்துப் பார்த்தால் கருவுள்ளதில் செந்நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரியும். தெளிவாக இருப்பது கூழ்முட்டை. அதனை நீக்கிவிடலாம்.