ஓடை அரைக்கும் மாவு

பத்ரிநாத யாத்திரை நம்மவர்க்குப் புதிதன்று. திருவதரியும் தேவப்பிரயாகையும் ஆழ்வார் பாடல் பெற்ற தலங்களாதலின், நம் குடும்பங்கள் பல ஆண்டுதோறும் அம்மலைப்பாதையில் சென்று வருகின்றன. ஆயினும், வழியிலுள்ள சிற்றோடைகளின் கரையில் கற்பலகை வேய்ந்து தாழ்ந்து நிற்கும் சிறு கட்டடங்களை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? சென்ற யாத்திரையின்போது அவற்றுள் ஒன்றில் நாம் நுழைந்து பார்த்தோம். அது தண்ணீரின் விசையால் மாவு அரைக்கும் ஆலை. கட்வால் மக்கள் அதனைக் ‘கராட்’ என்கின்றனர். பல தலைமுறைகளாக இமயச் சாரலின் ஊர்களுக்கு மாவு தந்து வந்தவை இத்தகைய ஆலைகளே.

கட்டடம் இரண்டு நிலைகள் கொண்டது. மேலே ஒரே அறை. கீழே தண்ணீர் பாய்ந்து வெளியேறும் குழி. சுவர்கள் அப்பகுதிக் கற்களாலேயே அடுக்கப்பட்டவை. ஓடையைச் சற்று மேலே கற்களால் மறித்து, சிறு வாய்க்கால் வழியே நீரைக் கொணர்கின்றனர். வாய்க்காலின் முடிவில், மரத்தைக் குடைந்து செய்த சரிவான தூம்பு ஒன்று உள்ளது. அதன் மேல்வாய் அகன்றும் கீழ்வாய் குறுகியும் இருத்தலால், நீர் விசையோடு பீறிட்டுக் குழியிலுள்ள சக்கரத்தின் மரத் துடுப்புகளைத் தாக்குகிறது.

மேனாட்டுப் படங்களில் நாம் காணும் நிமிர்ந்த பெருஞ்சக்கரம் அன்று இது; விரித்த குடைபோல் படுக்கையாகச் சுழல்வது. அதன் நடுத்தண்டு அறையின் தளத்தையும் அடிக்கல்லையும் ஊடுருவி மேலேறி, ஓர் இரும்புத் துண்டால் மேற்கல்லோடு பிணைந்துள்ளது. ஆதலின் பல்சக்கரம் எதுவும் வேண்டுவதில்லை. சக்கரம் ஒருமுறை சுற்றினால் கல்லும் ஒருமுறை சுற்றும். நம் பாட்டிமார் கையால் சுற்றிய திரிகையை இங்கே ஓடை சுற்றுகிறது எனலாம்.

தானியம் விழும் முறையே நம்மைப் பெரிதும் வியக்கச் செய்தது. மேற்கல்லுக்கு மேலே கூம்பு வடிவக் கூடை ஒன்று தொங்குகிறது. அதனோடு இணைத்த ஒரு குச்சி, சுழலும் கல்லின்மீது உராய்ந்து துள்ளுகிறது. துள்ளுந்தோறும் சில மணிகள் கல்லின் குழியில் விழுகின்றன. நீர் பெருகிக் கல் விரைந்தால் குச்சியும் விரைந்து துள்ளும். மணிகளும் மிகுதியாய் விழும். தண்டின் அடிமுனையைத் தாங்கும் கட்டையை ஒரு நெம்புகோலால் சற்றே உயர்த்தினால், கற்களின் இடைவெளி கூடி மாவு பரும்படியாகும், தாழ்த்தினால் மென்மையாகும்.

இவ்வாறு மணிக்குச் சுமார் 10 கிலோ அரைபடும். கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு சூடேறுவதில்லை. கோதுமையின் மணமும், அங்கே ‘மண்டுவா’ எனப்படும் நம் கேழ்வரகின் மணமும் அப்படியே நிற்கும். அரைப்புக்குக் கூலி, வழக்கப்படி, மாவில் ஒரு பங்கு.

நாம் கண்ட ஆலை இப்போது வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது. மின்சார ஆலைகள் வந்ததும், கோடையில் ஓடை மெலிவதும் காரணங்கள் என்றார் அதனை நடத்தும் முதியவர். அவற்றினும் பெரிய காரணம், தானியம் கொண்டுவர ஊரில் ஆள் இல்லாமை. உத்தராகண்ட அரசு 2017-இல் அமைத்த புலம்பெயர்வு ஆணையம், 2011-க்குப் பின் 734 ஊர்கள் ஆளற்றுப் போனதாக 2018-இல் கணக்குத் தந்தது. முதியவரின் மகனும் தில்லியில்தான் வேலை பார்க்கிறாராம். பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நாம் அவருக்கு என்ன அறிவுரை கூற இயலும்? தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அனில் பிரகாஷ் ஜோஷி அவர்கள் நிறுவிய ‘ஹெஸ்கோ’ என்னும் அமைப்பு, கராட்களைச் செப்பனிடும் பணியை நெடுங்காலம் செய்து வந்துள்ளது. மரத் துடுப்புக்கு மாற்றாகக் குழிந்த இரும்புத் துடுப்பும், தண்டுக்கு பால் பேரிங்கும் பொருத்தினால், அதே நீரில் மாவு மிகுதியாக அரைபடும், மின்சாரமும் எடுக்கலாம். ஜோஷி அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஆயினும் எவ்வளவு செப்பனிட்டாலும், கராட்டை ஓட்டுவது நீர் மட்டுமன்று. மாவு வேண்டும் என்று வாசலில் வந்து நிற்கும் மனிதரும் வேண்டும். ஆதலின், அடுத்த முறை அவ்வழி செல்லும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. ஓடும் கராட் ஒன்றைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். குழந்தைகளை உள்ளே அழைத்துச் சென்று அந்தக் குச்சி துள்ளுவதைக் காட்டுங்கள். 2 கிலோ மண்டுவா மாவு வாங்கி வாருங்கள். வீட்டில் களி கிண்டும்போது, அது யார் ஊர் மாவு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.